பிரேக் பிடித்தால் கேட்கும் சத்தம்

மின்கலத்தில் ஓடும்போது எங்கள் காருக்குச் சத்தமே இல்லை. எல்லாத் தொல்லையும் அதிலிருந்துதான் தொடங்கியது. கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமாவின் பழைய காரில் கதவு ஆடும், ஆசனம் முனகும், சைலன்சர் இருமும், கண்ணாடிகள் பல்லைக் கடிக்கும். அதனால் அதில் எந்தச் சத்தமும் தனியாகக் கேட்பதில்லை. அதை நல்ல கார் என்று அவர் நம்பியிருந்தார். எங்களுடையது கனடாவில் இருக்கும் அண்ணா அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாங்கிக் கொடுத்த ஜப்பான் ஹைபிரிட். கொழும்பு வெள்ளவத்தையின் ஒடுங்கிய ஒழுங்கைகளில் மெதுவாகப் போகும்போது இயந்திரம் தானாக நின்றுவிடும். எதுவும் அதிராது. பின்சீட்டில் அம்மா கைப்பையின் சிப்பை இழுத்தால் முன்சீட்டில் கேட்கும். அப்படிப்பட்ட காரில் ஒரு நாள் ‘டொக்’ என்றது.

பிரேக் பிடித்தபோது ஒரு டொக். காலை எடுத்து நகர்ந்தபோது குடுகுடுவென்று ஏதோ ஓடிப்போய் இன்னொரு டொக்.

நான் ஹெந்தளைக்கு அப்பால் உள்ள ஒரு மீன் பதனிடும் தொழிற்சாலையில் குளிரூட்டும் இயந்திரங்களுக்குப் பொறுப்பான பொறியியலாளர். என் வேலையில் பாதி சத்தம் கேட்பதுதான். ஒரு இயந்திரம் புதிதாகச் சத்தம் போட்டால் ‘ஏன்’ என்று நாங்கள் தொடங்குவதில்லை. எப்போது வருகிறது, எப்போது வருவதில்லை, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று பார்ப்போம். ‘ஏன்’ கடைசியில் தானாக வந்து சேரும். இது பெரிய ஞானமல்ல, முதலாம் ஆண்டிலேயே சொல்லித் தருவார்கள். ஆனால் எங்கள் குடும்பத்திலும், எங்கள் மாடிக் கட்டடத்திலும், நாங்கள் போகும் கராஜிலும் எல்லோரும் ‘ஏன்’ என்பதைத் தெரிந்துகொண்டே பிறந்தவர்கள். சத்தத்தைக் கேட்பது அவர்களுக்கு வீண் வேலை.

கீழ்மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் காரில் ஏறவேயில்லை. லிப்டுக்காகக் காத்து நின்றபடியே சொன்னார்.

“ஹைபிரிட் எண்டால் பட்டரிதான் பிள்ளை. மாத்திப் போடுங்கோ.”

“பட்டரி பின்சீட்டுக்குக் கீழ இருக்கு அங்கிள். சத்தம் முன்னுக்கு.”

“கறன்ற் எங்கையும் ஓடும்தானே.”

லிப்ட் வந்தது. ஏறிப் போய்விட்டார். படித்த மனிதர்.

மாமாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அம்மாவின் தம்பி. புறக்கோட்டையில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம். ஆணியும் சங்கிலியும் விற்பதால் இயந்திரம் தெரியும் என்பது அவருடைய எண்ணம். அப்படிப் பார்த்தால் அரிசிக் கடைக்காரர் எல்லோரும் நல்ல சமையல்காரராக இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை மாலைகளில் கடையைப் பூட்டிக்கொண்டு வெள்ளவத்தைக் கோயிலுக்கு வருவார். பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு இடியப்பம் சாப்பிட வருவார். மேலே ஏறுமுன், ஐயரிடம் வாங்கிய தேசிக்காய் ஒன்றை, குங்குமம் தடவிய எலுமிச்சையை, எங்கள் காரின் முகப்புக் கம்பிகளுக்கிடையே செருகிவிடுவார். கண்ணூறு படக்கூடாதாம். அந்தக் காரின் மேல் எல்லோரையும்விட அதிகமாகக் கண் வைத்தவர் அவர்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் சொல்வதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சத்தத்தைத் தானே கேட்டு முடிவு சொல்வதாக அவர் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அப்பா பின்னால் ஏறினார்.

“ஷொக் அப்சோபர்,” என்றார் மாமா. கார் இன்னும் வாசலைத் தாண்டவில்லை.

“இன்னும் சத்தம் கேக்கேல்லையே மாமா.”

“ஏன் கேக்கோணும்? குழி கிடங்கு பாக்காமல் ஓடினால் ஷொக் போகும்.”

“குழியே இல்லாத இடத்திலயும் வருது. பிரேக் பிடிச்சால் வருது.”

“அப்ப பிரேக். அடிச்சு அடிச்சுப் பிடிக்கிறாய்போல.”

கடற்கரை வீதிச் சந்தியில் பிரேக் பிடித்தேன். டொக்.

“கேட்டியோ!” என்றார், ஏதோ அவரே வரவழைத்ததுபோல. பின்னால் திரும்பி, “அத்தான், விளங்குதோ? பொம்பிளையளின்ர காலுக்குப் பாரம் இல்லை. பாரம் இல்லாட்டி ஒரேயடியா அமத்துவினம். கார் எவ்வளவுக்குத் தாங்கும்?”

“ஓம், ஓம்,” என்றார் அப்பா.

தொழிற்சாலையில் ஒரு வால்வின் கைபிடிச் சக்கரத்தைத் திறக்க முழு உடம்பையும் போட்டுத் தள்ளுகிறேன். அதை அங்கே சொல்லிப் பயனில்லை. சாட்சியைப் பார்க்கும் முன்பே தீர்ப்பு எழுதுகிறவர்களுக்கு இன்னொரு சாட்சி எதற்கு?

வீட்டுக்கு வந்ததும், இடியப்பத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டே மாமா விஷயத்துக்கு வந்தார்.

“அத்தான், நான் ஒண்டு சொல்லட்டே? இந்தக் காரை நான் கொண்டுபோறன். என்ர காரை இஞ்ச விடுறன். பிள்ளைக்கு அது போதும், கை பழகட்டும். கனடாவில உங்கட மகனுக்கு நான் சொல்லிக்கொள்ளுறன்.”

“எனக்கு லைசன்ஸ் கிடைச்சு எவ்வளவு காலம் மாமா,” என்றேன்.

“லைசன்ஸ் ஆரும் எடுக்கலாம்.”

அப்பா ஒரு திணைக்களத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். முடிவெடுப்பது ஒருபோதும் அவருடைய வேலையாக இருந்ததில்லை. மற்றவர் எடுத்த முடிவைத் துப்புரவான கையெழுத்தில் எழுதி அலுவலகக் கோவையில் போடுவதுதான் வேலை. வீட்டிலும் அப்படித்தான். கொஞ்ச நேரம் சொதியைக் கலக்கிவிட்டுச் சொன்னார்: “சரி தம்பி. வாற வெள்ளிக்குள்ள சத்தம் நிக்காட்டிக் கொண்டுபோ.” என்னைப் பார்க்கவில்லை.

காரின் சாவியான அந்தத் திறப்பு என் கையை விட்டுப் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். மாமாவின் கார் ஹெந்தளைக்குப் போகும், வராது. கார் கராஜில் நிற்க, நான் பழையபடி பஸ்ஸில் நிற்பேன். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டை, அங்கே இறங்கி லொறிகளுக்கும் மூட்டை சுமக்கும் நாட்டாமைகளின் தள்ளுவண்டிகளுக்கும் இடையில் ஓடி அடுத்த பஸ். அது நிறையும்வரை புறப்படாது. நிறைந்த பிறகு இன்னும் ஏற்றும். இடம் இருந்தாலும் முழங்கையை மடக்க மறுக்கும் ஆண்கள், மடக்கச் சொன்னால் ‘அப்பிடியெண்டால் காரில போங்கோ’ என்று சொல்லும் ஆண்கள். மாலையில் மீன் வாசத்தோடு ஏறினால் ஒரு நன்மை உண்டு, பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள். காலையில் அந்த நன்மையும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அப்படிப் போய் வந்தவள் நான். நேரத்துக்கு வரமுடியாது என்பதற்காகவே ஒரு பதவியுயர்வு எனக்கு அடுத்திருந்தவருக்குப் போனது. அப்பாவுக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை ஆகி, கார் ஓட்ட வீட்டில் வேறு ஆள் இல்லாமல் போனபோதுதான் அந்தத் திறப்பு என்னிடம் வந்தது. யாரும் விரும்பித் தரவில்லை.

ஆகவே அந்தக் கிழமை ஏழு நாளும் நான் முறையாக வேலை செய்தேன்.

முதலில் காருக்குள் இருந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். அம்மாவின் ஊசிகள், இருமல் மிட்டாய், விபூதிப் பொட்டலம், ஒரே வீதியின் பார்க்கிங் துண்டுகள், மாமா பல் குத்திவிட்டுக் கதவுப் பைக்குள் போட்டிருந்த குச்சிகள். குச்சிகளைக் கடதாசியால் பிடித்து எடுத்தேன். பின்பெட்டியில் குடை, தேங்காய் உரிமட்டை, அண்ணா அனுப்பிய கம்பளி ஜம்பர் ஒன்று, கொழும்பில் அதற்கு என்ன தேவையோ. எல்லாம் போன பிறகும் டொக்.

பிறகு ஓட்டிப் பார்த்தேன். பிரேக் பிடித்தால் சத்தம் முன்னோக்கி ஓடுகிறது, நகர்ந்தால் பின்னோக்கி. ரிவேர்ஸில் இது அப்படியே தலைகீழ். இடப்பக்கம் வெட்டினால் வலப்பக்கம் போகிறது. எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு இறங்கும் சரிவில் ஒருமுறை உருண்டு போய் நின்றுவிட்டு, சமதரை வரும்வரை வாயே திறப்பதில்லை. வேகமாகப் போனால் கேட்காது, ஆனால் அது டயர் சத்தம் அதை மூடிவிடுவதால். ஷொக் அப்சோபர் இப்படி நடக்காது, பிரேக்கும் நடக்காது, பட்டரி நிச்சயமாக நடக்காது. காரின் எந்தப் பாகமும் தன் இடத்தை விட்டு உலாவப் போவதில்லை. இது காரின் பாகமே அல்ல. உருளக்கூடிய ஏதோ ஒன்று, ஒன்றுக்கு மேற்பட்டதாகவும் இருக்கலாம், முன்னால், தாழ்வாக, நாலு பக்கமும் அடைத்த ஓர் இடத்துக்குள் கிடக்கிறது.

சத்தம் தொடங்கிய நாளிலிருந்தே கவனித்துவந்த ஒன்றை மட்டும் எனக்கு விளக்க முடியவில்லை. சனிக்கிழமைகளில் மற்ற டொக்குகளோடு மந்தமான ஒரு ‘தொப்’பும் சேர்ந்திருந்தது. நாள் போகப் போக அந்தத் தொப் இறுகி இறுகி, அதுவும் டொக் ஆனது. கிழமை பார்த்துத் தொனி மாற்றும் இயந்திரத்தை நான் எங்கும் கண்டதில்லை.

தரிப்பிடத்தில் குப்புறப் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். காவலாளி ஓடிவந்து, விழுந்துவிட்டீர்களா என்று கேட்டார். காரின் முன்பக்கத்து அடி முழுவதையும் கறுத்த பிளாஸ்டிக் தட்டு ஒன்று மூடியிருந்தது. காற்று வழுக்கிக்கொண்டு போவதற்காகப் புதிய கார்களில் பூட்டுவது. பழைய கார்களில் இது இல்லை, நிமிர்ந்து பார்த்தால் இயந்திரத்தின் வயிறு தெரியும். இங்கே எதுவும் தெரியவில்லை. தட்டில் கையால் தட்டினேன். உள்ளே ஏதோ அசைந்து கொடுத்தது.

கெடு வைத்த வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலையிலிருந்து புறப்பட்டுக் கிருலப்பனை கராஜுக்குப் போனேன். அந்தக் கராஜ்காரர் முன்பும் ஒருமுறை காரைப் பார்த்தவர். பார்த்தவர் என்பது தவறு. ஒரு வயரைச் செருகி, கையிலிருந்த சின்னத் திரையைப் பார்த்துவிட்டு, “மொக்குத் நே, மிஸ்,” என்று சொன்னவர். ஒன்றுமில்லையாம். இந்த முறையும் திரையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அது வேண்டாம். கீழ்த்தட்டைக் கழட்டுங்கோ,” என்றேன்.

“ஏன் மிஸ்? ஸ்கிரீன்ல பிழைக் கோட் ஒண்டும் வரல்லதானே. கோட் இல்லாட்டி பிழை இல்லை.”

“கோட் இல்லாதபடியால்தான் கழட்டச் சொல்லுறன். தனக்குத் தெரிஞ்ச பிழையைத்தான் கார் சொல்லும்.”

“கிளிப் உடையும் மிஸ்.”

“உடையட்டும்.”

அவர் தலையைச் சொறிந்தார். “ஹஸ்பண்ட்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாங்களேன்.”

“ஹஸ்பண்ட் இல்லை. சத்தம் இருக்கு. உயர்த்துங்கோ.”

உயர்த்தினார். மூன்று கிளிப்களை உடைத்தார். நான் நிற்காவிட்டால் எல்லாவற்றையும் உடைத்திருப்பார். ஒரு பக்கம் கழன்று தட்டு சாய்ந்ததும், உள்ளே கிடந்தவை ஒன்றின்பின் ஒன்றாக உருண்டு வந்து சீமெந்துத் தரையில் விழுந்து துள்ளின. ஒன்று அவருடைய தோளில் பட்டது. ஒன்று பக்கத்துக் காரின் கீழே ஓடியது. தவறிப்போன நட் ஒன்றையோ கல் ஒன்றையோதான் நான் எதிர்பார்த்திருந்தேன். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். கறுத்து, சுருங்கி, கொட்டைப்பாக்குப் போல இறுகிப்போன தேசிக்காய்.

அவரும் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தார். “தெஹி!” என்று சிங்களத்தில் அதன் பெயரைச் சொன்னார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மிஸ், காஞ்சது எல்லாம் ரெடி. உப்பு மட்டும் போட்டா ஊறுகாய்!”

சிரிப்பதற்கு அவருக்கு என்ன உரிமை இருந்தது என்று தெரியவில்லை. அவருடைய திரைக்கும் இது தெரிந்திருக்கவில்லை. பொறுக்கி ஒரு சொப்பிங் பையில் போடச் சொன்னேன். கடைசியில் விழுந்தது இன்னும் மஞ்சளாக, மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெதுமையாக இருந்தது. அதில் குங்குமம் இருந்தது. சனிக்கிழமைத் தொப்.

திரும்பி வரும் வழியில் மிச்சமெல்லாம் தானாகப் பொருந்தியது. கோயில் தேசிக்காயைக் குப்பையில் போடக்கூடாது, கால் படும் இடத்தில் எறியக்கூடாது. ஓடும் தண்ணீரில் விடலாம், மரத்தடியில் வைக்கலாம். மாமாவுக்கு அவ்வளவு நடக்கப் பஞ்சி. புதியதைச் செருகும்போது பழையதை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிடுவார். அவருடைய காரிலும் அப்படித்தான் செய்வார். அதற்குக் கீழே தட்டு இல்லை, தள்ளியது எங்கோ புறக்கோட்டைத் தெருவில் விழுந்து லொறிச் சில்லுக்குள் போயிருக்கும். எத்தனை வெள்ளி, எத்தனை கால்கள் மிதித்தனவோ. அவர் அதைப் பார்க்கவில்லை. அடுத்த வெள்ளி கம்பிகளுக்குள் குனிந்து பார்த்தால் தள்ளிவிட்ட தேசிக்காய் இல்லை, சாமி எடுத்துக்கொண்டார் என்று நிம்மதி. கீழே ஒன்றுமில்லாத காரில்தான் அந்த நம்பிக்கை ஓடும். எங்கள் காருக்கு அடி இருந்தது. சாமி எடுக்காததையெல்லாம் அது பத்திரமாக வைத்திருந்தது.

மாலையில் மாமா புதுத் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டே மேலே வந்தார். காரைக் கொண்டுபோகப் போகிறோம், கொட்டாஞ்சேனையிலேயே வைக்கலாம் என்று நினைத்திருப்பார். அப்பா திறப்பைத் தன் தட்டுக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தார். நான் பையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன்.

“இதுதான் சத்தம்.”

“ஐயோ, என்ன ஊத்தை அது? சாப்பாட்டு மேசையில வையாதை!” என்றார் அம்மா.

பையைத் தூக்கி நிலத்தில் வைக்கக் குனிந்தேன். அதற்குள் அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டார். “கடவுளே, குங்குமம். கோயில் தேசிக்காய்! நிலத்தில வையாதை!”

மேசையிலும் வைக்க முடியாது, நிலத்திலும் வைக்க முடியாது. கதிரையில் வைக்கப் போனேன், அதில் ஆட்கள் உட்காருவார்களாம். கடைசியில் பிரிட்ஜின் மேல் வைத்தேன். கை கழுவிவிட்டு வந்து எங்கே கிடந்தது, எப்படிப் போனது, ஏன் பழைய காரில் சத்தம் வராது என்று ஒழுங்காகச் சொன்னேன். மூன்று பேரும் கேட்டார்கள். சொல்லி முடித்ததும் மாமா இடியப்பத்தைப் பிய்த்தார்.

“அதுதான் அத்தான், நான் அண்டைக்கே சொன்னனான், முன்னுக்கு ஏதோ லூஸ் எண்டு.”

“ஷொக் எண்டனீங்கள் மாமா. பிறகு பிரேக் எண்டனீங்கள். பிறகு என்ர கால் எண்டனீங்கள்.”

“உவளுக்கு எல்லாம் வரிசையா ஞாபகம் இருக்கும்,” என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். எழுந்து போய்ப் பைக்குள் கையை விட்டு, இருந்ததில் மிகக் கறுத்த தேசிக்காயை எடுத்து உயர்த்திப் பிடித்தார். “பாருங்கோ, எப்பிடிக் கருகியிருக்கு! அவ்வளவு கண்ணூறு. எல்லாத்தையும் இதுதான் தாங்கியிருக்கு. இது இல்லாட்டி இந்தக் கார் இண்டைக்கு எங்க கிடந்திருக்கும்?”

“இயந்திரச் சூடு,” என்றேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“எண்டாலும் அத்தான், காரை நான் கொண்டுபோறதுதான் நல்லம். கொம்பனி பூட்டின தட்டை இவள் கழட்டுவிச்சுப்போட்டாள். இனி ஒவ்வொண்டா ஆடத் தொடங்கும்.”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சத்தம் நிண்டது சரிதான் பிள்ளை,” என்றார். “ஆனா தம்பிக்கு நான் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன்.”

சத்தம் நிற்காவிட்டால் என்பதுதான் அந்தச் சொல். அதைச் சொன்னவரே மறந்துவிட்டார், அல்லது மறப்பது வசதியாக இருந்தது. ஒரு கிழமை வேலை, கண்ணுக்கு முன் ஒரு பை நிறையச் சான்று. எதற்கும் அந்த மேசையில் ஓர் இடியப்பத்தின் பாரம்கூட இல்லை. பேசிப் பயனில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பஸ் நேரங்களை மனத்தில் எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன்.

சொதிச் சட்டியோடு வந்த அம்மா சொன்னார்: “கார் குடுக்கேலாது.”

“ஏனக்கா?” என்றார் மாமா.

“கோயில் பொருளை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டு ஓடின கார். அதை இன்னொரு வீட்டுக்கு அனுப்புறதெண்டால் எங்கட வீட்டில இருக்கிறதை வாரிக் குடுக்கிற மாதிரி. நீதானே இப்ப சொன்னாய் தம்பி, அவ்வளவு கண்ணூறையும் அதுதான் தாங்கினது எண்டு. காரைக் கொண்டுபோனால் பிறகு எங்களுக்கு ஆர் தாங்கிறது?”

மாமா வாயைத் திறந்தார். அவருடைய வாயிலிருந்தே வந்த நியாயம் அது. இடியப்பத்தை மென்றார்.

“அதுவும் சரிதான்,” என்றார் அப்பா. முகம் தெளிந்துவிட்டது. கோவையில் எழுதுவதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அம்மா அதை நம்பிச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது. நான் கேட்டதில்லை. அவர் என் பக்கம் ஒருமுறையும் பார்க்காமல் தம்பிக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருந்தார்.

அப்பா திறப்பை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார். “கவனமா ஓடு,” என்றார். காரணம் முழுப் பிழை, முடிவு மட்டும் சரி. தொழிற்சாலையில் இப்படி ஓர் அறிக்கை என் மேசைக்கு வந்தால் எழுதியவரிடமே திருப்பி அனுப்பிவிடுவேன்.

“அப்ப இதை எங்க வைக்கிறது?” என்று மாமா புதுத் தேசிக்காயைக் காட்டிக் கேட்டார்.

“உங்கட காரில வையுங்கோ மாமா. அதுக்குத்தான் அடி இல்லை.”

அவருக்கு விளங்கவில்லை. நான் திறப்பை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, தட்டைக் கிட்ட இழுத்துச் சாப்பிட உட்கார்ந்தேன்.